நெகட்டிவும் ரா ஃபைலும்: சேலத்திலிருந்து ஒரு தறிப்பட்டறை வரை

பெரியப்பாவின் தறிகள் பழைய இரும்புக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. குமாரபாளையத்தில் ஆறு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். நாடா ஓடும் பழைய தறிகள். பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் நாடா இல்லாத ரேப்பியர் தறி வந்த பிறகு, கூலிக்கும் ஆளுக்கும் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார். நிறுத்தப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்ததால், ஒரு பொங்கல் லீவில் வாடகைக்கு ஒரு அதிவேகக் கேமரா எடுத்துக்கொண்டு போய் அந்தத் தறிகளைப் படம் பிடித்தேன். நொடிக்கு 1000 படம். ஒன்பது கிளிப்.

அந்த ஒன்பதில் எட்டை நானே அழித்தேன். எப்படி என்று சொன்னால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைச் சரிபண்ணப் போய்த்தான் சினிமாவில் கலர் எப்படி வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்தது கடைசியில் எங்கள் மாவட்டத்துக்கே திரும்பி வந்தது.

முதலில் ஏன் அதிவேகக் கேமரா என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் தறி நிமிஷத்துக்கு சுமார் 150 ஊடை ஓடும். அதாவது ஒரு ஊடைக்கு 0.4 நொடி. அதில் நாடா உண்மையில் பறப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரம் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், பண்ணை வந்து அடிக்கும், விழுது மாறும். சாதாரணக் கேமராவில் நொடிக்கு 25 படம் என்றால் நாடா பறப்பது மூன்று படத்தில் முடிந்துவிடும். மூன்றும் கலங்கலாகத்தான் இருக்கும். 1000 படம் என்றால் ஒரு பறப்புக்கு நூற்றுச்சொச்சம் படம் கிடைக்கும். ஐம்பது வருஷம் தறி ஓட்டியவரே கண்ணால் பார்த்திராத ஒன்று அது.

ஆனால் 1000 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்க ஆயிரத்தில் ஒரு நொடிக்கு மேல் கிடையாது. சாதாரண வீடியோவில் ஐம்பதில் ஒரு நொடி கிடைக்கும். இருபது மடங்கு வெளிச்சம் குறைவு. தறிப்பட்டறையில் இருப்பதோ நாலு டியூப்லைட்டு, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் இருட்டாகத்தான் தெரிந்தது. "அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம்" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். தூக்கலாம்தான், ரா ஃபைல் கையில் இருந்தால்.

ரா ஃபைல் என்பது படம் இல்லை, அளவு. கேமராவுக்குள் இருக்கும் சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வடிகட்டி ஒட்டியிருப்பார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்று உங்கள் செல்போன் வரைக்கும் இந்த அமைப்பும் இதன் மாறுபாடுகளும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறத்தைத்தான் கேமரா உண்மையில் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும். வெள்ளை எது, கறுப்பு எது என்பதும் இன்னும் முடிவாகியிருக்காது. இந்த ஊகத்தையும் முடிவையும் செய்துதான் ரா ஃபைல் "படமாக" மாறுகிறது.

என் கேமரா 1280 × 1024 புள்ளி, புள்ளிக்கு 12 பிட். கணக்குப் போட்டால் ஒரு படம் கிட்டத்தட்ட 2 எம்பி, ஒரு நொடி 2 ஜிபி. நாலு நாலு நொடியாக ஒன்பது கிளிப், மொத்தம் 70 ஜிபி சொச்சம். என் லேப்டாப்பில் அப்போது இடம் இல்லை. ஒன்பதையும் சாதாரண எம்பி4 ஆக மாற்றினேன். மொத்தமே ஒரு ஜிபிக்குள் வந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், நாடா அழகாக மிதந்து போனது. ரா ஃபைல்களை அழித்துவிட்டேன். பகலில் கம்பெனியில் "பேக்கப் இல்லாமல் எதையும் அழிக்காதே" என்று ஜூனியர்களுக்குச் சொல்கிற அதே ஆள்.

தறிகள் போன பிறகு, ஒரு நல்ல பதினைந்து நிமிஷப் படமாக வெட்டிச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்று தறியில் இருந்தது அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கட்டம் போட்ட லுங்கி. எம்பி4-ல் வெளிச்சத்தைத் தூக்கினால் அரக்கு, கட்டி கட்டியாக உடைந்தது. நாடாவுக்குக் கீழே இருந்த நிழல் மொத்தமாகக் கரிப் பலகை. அதற்கு மேல், படம் முழுக்க விட்டு விட்டு மினுங்கியது. ஒருமுறை மஞ்சள் அடிக்கும், அடுத்தது நீலம் அடிக்கும். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு இது, நம்ம லுங்கி இப்படியா இருந்துச்சு? கழனித் தண்ணியில முக்கின மாதிரி இருக்குது" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிலிம் காலத்திலும் இதே கதைதான். கேமராவிலிருந்து வரும் நெகட்டிவ் யாரும் பார்ப்பதற்கான படம் இல்லை. நிறம் எல்லாம் தலைகீழாக இருக்கும். அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரதியை அச்சடிக்கும்போதுதான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்று லேபில் ஒருவர் முடிவு செய்வார். ஆரம்பத்தில் அச்சு விளக்குக்கு முன்னால் வண்ண வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துச் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் பெல் அண்ட் ஹோவெல் கம்பெனியின் அச்சு இயந்திரம் வந்த பிறகு, மூன்று நிற வெளிச்சத்துக்கும் தனித்தனியே 1 முதல் 50 வரை எண் கொடுக்கும் முறை நிலைத்தது. 12 எண் கூட்டினால் அச்சு வெளிச்சம் இரட்டிப்பாகும். இன்றும் கலர் கிரேடிங் மென்பொருளில் பிரிண்டர் லைட் என்று ஒரு பகுதி இருப்பது அதன் மிச்சம்.

இதில் தமிழுக்கு முதல் முழுநீளக் கலர் படத்தைக் கொடுத்தது சென்னை இல்லை, சேலம். மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956 பொங்கலுக்கு வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி. இயக்கம், தயாரிப்பு எல்லாம் டி.ஆர். சுந்தரம். அந்த 'டி' திருச்செங்கோடு. எங்கள் குமாரபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். இன்று நாமக்கல் மாவட்டம், அன்று சேலம் ஜில்லா. ஜவுளித் தொழில் செய்த குடும்பம். சுந்தரத்தை இங்கிலாந்தில் லீட்ஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது எதற்குத் தெரியுமா? நெசவுத் தொழில்நுட்பம். நூலைப் படித்துவிட்டு வந்த மனுஷர் 1935-ல் சேலத்தில் ஸ்டூடியோ கட்டினார். 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1961-ல் மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' இரண்டுமே அவருடைய கம்பெனியிலிருந்து போனவைதான். ஏற்காடு போகிற ரோட்டில் இப்போது நிற்பது அந்த ஸ்டூடியோவின் வளைவு மட்டும். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் நானும் ஒருவன்.

அலிபாபா எடுக்கப்பட்டது கேவாகலர் பிலிமில். பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனி தயாரிப்பு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும், அக்ஃபா கம்பெனியின் வண்ணப் பிலிம் காப்புரிமைகள் பொதுவுக்கு வந்துவிட்டன. அதை வைத்து இத்தாலியில் ஃபெரானியாகலர், ரஷ்யாவில் சோவ்கலர், பெல்ஜியத்தில் கேவாகலர் என்று ஆளுக்கொன்று முளைத்தது. ஹாலிவுட்டின் டெக்னிகலருக்கு முப்பட்டகம் வைத்து மூன்று நெகட்டிவ்களை ஒரே நேரத்தில் ஓட்டும் பிரத்யேகக் கேமரா வேண்டும். அந்தக் கேமராவை விலைக்குத் தர மாட்டார்கள், அவர்கள் ஆளோடுதான் வரும். கேவாகலரோ ஒரே பிலிமில் மூன்று அடுக்கு. கறுப்பு வெள்ளைக் கேமராவிலேயே மாட்டி ஓட்டலாம். சேலம் மாதிரி ஓர் ஊரில் கலர் சாத்தியமானதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலக் கலர் பிலிம்கள் வெளிச்சத்தைக் குடித்துத் தீர்க்கும். செட்டில் விளக்குகளைக் குவித்தால்தான் ஏதாவது பதியும். என் தறிப்பட்டறைப் பிரச்சினையேதான்.

அலிபாபாவுக்கு ஒளிப்பதிவு செய்தவர் டபிள்யூ.ஆர். சுப்பாராவ். மூன்று வருஷம் கழித்து 1959-ல் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்கும் அவர்தான். அதுவும் கேவாகலர் நெகட்டிவ்தான். ஆனால் இந்த முறை பிரதிகளை டெக்னிகலர் முறையில் லண்டனில் எடுத்தார்கள். அலிபாபா எந்த வகை நெகட்டிவில் எடுக்கப்பட்டதோ அதே வகை, எடுத்தவரும் அதே ஆள், ஆனால் 'மாற்றம்' வேறு. டெக்னிகலர் பிரதியில் சாயத்தை நெகட்டிவிலிருந்து மூன்று அச்சுகளாகப் பிரித்து, துணியில் அச்சுக் குத்துவது போல ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார்கள். அந்தச் சாயம் சீக்கிரம் வெளுக்காது. அடுக்குப் பிலிமில் வேதிவினையால் உருவாகும் சாயம் அப்படி இல்லை, வருஷம் போகப் போக நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். நான் சின்ன வயசில் டூரிங் கொட்டகையில் பார்த்த பழைய கலர் படங்கள் எல்லாம் ஏன் ரோஸ் கலரில் கிடந்தன என்பதற்கு விடை, நாற்பது வயசுக்கு மேல்தான் எனக்குக் கிடைத்தது. பிரதி வெளுத்தால் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் இன்னொரு பிரதி போடலாம், இந்தக் காலமானால் ஸ்கேன் பண்ணலாம். 2012-ல் 'கர்ணன்', 2015-ல் 'கட்டபொம்மன்' டிஜிட்டலில் திரும்ப வந்து தியேட்டரில் ஓடியது இப்படிப் பழைய பிலிமிலிருந்து வேலை பார்த்துத்தான்.

நான் செய்தது பிரதியை வைத்துக்கொண்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டது.

ஆனால் ஒரு சமாசாரம். ரா ஃபைலை மாற்ற நானே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அதைச் சோதிக்க ஏழாவது கிளிப்பிலிருந்து 600 படங்களை 'டெஸ்ட்' என்ற ஃபோல்டரில் தனியாக வைத்திருந்தேன். வைத்ததே மறந்து போயிருந்தது. 0.6 நொடி, 1.2 ஜிபி. தறிக் கணக்கில் சொன்னால் ஒன்றரை ஊடை. நாடா ஒருமுறை முழுசாக வலமிருந்து இடம் போகிறது, திரும்பக் கிளம்புவதற்குள் முடிந்துவிடுகிறது. மிஞ்சியது அவ்வளவுதான்.

இந்த முறை அவசரப்படவில்லை. செய்த வரிசையைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

12 பிட் என்பது கணினிக்கு வசதியான அளவு கிடையாது. இரண்டு புள்ளிகளை மூன்று பைட்டில் மடித்து வைத்திருப்பார்கள். பிரிக்கும்போது எந்தப் பாதி முன்னால் என்று மாற்றி எடுத்தால் படம் முழுக்கப் பொரி பொரியாக இருக்கும். வடிகட்டி வரிசையை மாற்றி வைத்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிடும், அரக்கு லுங்கி ஊதா லுங்கி ஆகும். இரண்டு தப்பையும் செய்தேன். அடுத்தது, இருட்டிலும் சென்சார் ஒரு சிறு எண்ணைக் காட்டும். லென்ஸை மூடி எடுத்த படத்திலிருந்து அந்த அளவைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். இதைக் கழிக்காமல் வெளிச்சத்தைத் தூக்கினால் நிழலெல்லாம் சாம்பல் பூத்து, நிறமும் சாய்ந்துவிடும்.

பிறகு மினுக்கம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட்டு அதனால் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, 1000 படத்தில் தெரியும்: சரியாகப் பத்துப் படத்துக்கு ஒருமுறை. இறங்கும்போது வெளிச்சம் மட்டும் குறைவதில்லை. குழாயின் உள்பூச்சில் உள்ள ஒவ்வொரு நிறப் பொருளும் ஒவ்வொரு வேகத்தில் அணைகிறது, அதனால் நிறமும் மாறுகிறது. பெரியப்பா சொன்ன கழனித் தண்ணி அதில்தான் பாதி. அசையாமல் இருக்கும் தறிச் சட்டத்தின் ஒரு மூலையை எடுத்து, பத்துப் படச் சுற்றில் ஒவ்வொரு படத்திலும் மூன்று நிறமும் எவ்வளவு என்று அளந்து, அந்த விகிதத்தால் வகுத்தேன். மினுக்கம் கிட்டத்தட்ட நின்றது. இது ரா ஃபைலில் மட்டும்தான் ஒழுங்காக வரும். அதில்தான் எண் நேர்விகிதத்தில் இருக்கும், வெளிச்சம் பாதியானால் எண்ணும் பாதி. எம்பி4-ல் அந்த விகிதத்தை ஏற்கெனவே வளைத்துவிட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம்தான் வெள்ளைச் சமன், விட்டுப்போன நிறங்களை ஊகிப்பது எல்லாம். கடைசியில் கிரேடிங்குக்குக் கொடுக்கும் கோப்பு. இங்கே ஒரு கணக்கு உண்டு. 12 பிட்டில் 4096 படிகள். நேர்விகிதத்தில் அதிலே பாதி, அதாவது 2048 படி, மேல் ஸ்டாப் ஒன்றுக்கே போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 1024, அதற்கடுத்து 512. ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது 32 படிதான். என் அரக்கு நூலின் நிழல்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது, 40-க்கும் 60-க்கும் நடுவில். சாதாரண 8 பிட் வீடியோவாக மாற்றினால் அந்த இருபது படி ஆறேழு படியாகச் சுருங்கும். மிச்சத்தைக் கம்ப்ரஷன் தின்றுவிடும். உடையாமல் என்ன செய்யும்?

கோடக் 1990-களின் தொடக்கத்தில் பிலிமை ஸ்கேன் பண்ண சினியான் என்ற முறையைக் கொண்டுவந்தபோது இதைத்தான் தீர்த்தது. நெகட்டிவின் அடர்த்தியையே அளவாக வைத்து, லாக் முறையில் 10 பிட்டில் எழுதினார்கள். ஸ்டாப் ஒன்றுக்குச் சுமார் 90 படி, இருட்டிலும் வெளிச்சத்திலும் கிட்டத்தட்ட சமமாக. இன்று எல்லாக் கேமராக் கம்பெனியும் 'லாக்' என்று விற்பதற்கு அதுதான் பாட்டன். நானும் ஒரு லாக் வளைவு போட்டு 10 பிட் புரோரெஸ் கோப்பாக மாற்றினேன். பக்கத்திலேயே படத்துக்கு ஒரு கோப்பாக டிஎன்ஜி வரிசையும் வைத்துக்கொண்டேன். டாவின்சி ரிசால்வ் இரண்டையும் திறக்கும். 1980-களில் பெரிய லேபுகளுக்கு மட்டும் இயந்திரம் செய்து விற்ற கம்பெனி அது. 2009-ல் பிளாக்மேஜிக் வாங்கிய பிறகு இலவசப் பதிப்பே வந்து, என் மாதிரி ஆட்களும் கிரேடிங் செய்யலாம் என்று ஆகிவிட்டது.

கலரை எதோடு ஒப்பிடுவது? படம் பிடித்த அன்று வண்ண அட்டை எதுவும் வைக்கவில்லை. பெரியம்மாவின் பீரோவில் அந்தப் பாவில் ஓடிய லுங்கி ஒன்று, லேபிள்கூடப் பிரிக்காமல் இருந்தது. பெரியப்பா கட்டியிருந்ததும் அதே ரகம்தான், ஆனால் துவைத்துத் துவைத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. பிரிக்காததை வாசல் வெயிலில் விரித்துப் பார்த்து, அதற்குத்தான் பொருத்தினேன். அன்று பட்டறையில் டியூப்லைட்டில் அது அப்படித் தெரிந்திருக்காது என்பது எனக்கும் தெரியும். அலிபாபா குகையின் தங்கமும் அப்படி யாரோ லேபில் முடிவு பண்ணிய மஞ்சள்தானே.

முடித்து, 0.6 நொடியை 25 படக் கணக்கில் 24 நொடியாக நீட்டி, டிவியில் போட்டுக் காட்டினேன். பெரியப்பா சேரை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கலரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை எழுந்து போய், நாடாவுக்குக் கீழே, முன்பு கரிப் பலகையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். பாவு நூலுக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து, முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல்.

"மூக்கைத் தூக்கிட்டுப் போகுது பாரு. பிக்கர் தேஞ்சிருக்குது. அதான் அந்தத் தறியில மட்டும் நூல் அந்து அந்து உழுந்துச்சு. நானு நூலு சரியில்லைன்னு நூல்காரங்கிட்ட சண்டை போட்டேன்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"நிறுத்து கண்ணு. இன்னொருக்கா போடு."